பதினோராம் பக்கம்

பரந்தன் சந்தியில் என் கடை.
பகலில் அடையாள அட்டை, காணி உறுதி,
காணாமல் போனவர்களின் படம் (பெரிதாக்கி, ஏ-மூன்றில்).
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
மதூசிகாவின் கொமிக்ஸ்.
இருபது பக்கம், ஐம்பது பிரதி. ஸ்டேப்ளர் அவளுடையது.

முதல் இதழில் ஒரு ஜெய்ப்பூர்க் கால்
தனியே நடந்துபோய் நிவாரண வரிசையில் நிற்கிறது.
“ஆள் எங்க?” என்கிறார் விதானையார்.
“பின்னால வாறார். நொண்டி, மெதுவாத்தான் வருவார்.”
சிரித்த சிரிப்பில் தாளைச் சிக்கவிட்டேன்.
அவளுக்கும் அதே கால்தான். இடது.

இரண்டாம் இதழில்
பங்கருக்குள் வயிற்றாலடி வந்த ஒரு வாத்தியார்.
வெளியே ஷெல், உள்ளே அவர்,
எதற்குப் பயப்படுவதென்று பிள்ளைகள் வாக்கெடுக்கிறார்கள்.

வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள்.
“செத்தவீட்டில பல்லைக் காட்டுறதோ?” என்றார் அருமைத்துரை.
இரண்டு பிள்ளைகளைப் பங்கரோடு மூடிவிட்டு வந்தவர்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை, மதூசிகா உட்பட.
அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
வரையத்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி.
பளபளத் தாளில் அடிக்கலாம்,
இன்னும் இரத்தம், இன்னும் ஊத்தைப் பேச்சு,
சனம் அதிரவேணும் என்றான்.
“அதிர்ந்தது காணும்,” என்றாள்.
அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

மூன்றாம் இதழின் பதினோராம் பக்கத்தை
நான் அடிக்கமாட்டேன் என்றேன்.
கொட்டிலில் ஒரு தாய். மடியில் மகனின் படம்.
படம் சொல்கிறது:
“எத்தினை தரமம்மா கொப்பி அடிப்பியள்,
என்ர மூக்கே அழிஞ்சு போச்சு.”

“ஏன்?” என்றாள்.
இது பகிடி இல்லை என்றேன்.
“நான் பகிடி எண்டு சொன்னனானோ?”
இருபது தாளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு
சைக்கிளில் போய்விட்டாள்.

மறுநாள் காலை தவமலர் அக்கா.
அதே படம், கொப்பியின் கொப்பி.
“கறுப்பைக் கொஞ்சம் குறையும் தம்பி,
இவன்ர மூக்குத் தெரியேல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அடக்க அடக்க வந்தது, ஏவறை மாதிரி.
அக்கா என்னையே பார்த்தபடி நின்றார்.
ஏனென்று கேட்கவில்லை.

மெசினின் கண்ணாடியைத் துடைத்தேன்.
கண்ணாடியில் ஊத்தை இருக்கவில்லை.
பத்துப் பிரதி அடித்தேன், காசு வாங்கவில்லை.
அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

மதூசிகாவுக்கு மூன்று தரம் போன் எடுத்தேன்.
அவள் எடுக்கவில்லை.