அறுக்குளாவும் எரிமலைக் கல்லும்

பைரூஸ் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவன்.
வெராக்ரூஸ் துறையில் ஆறு நாள் நின்றபோது
எனக்கொரு கல் வாங்கி வந்தான்.
கறுப்பு. நகத்தளவு தடிப்பு.
வெயிலில் பிடித்தால் ஓரத்தில் மட்டும்
போத்தல் பச்சை.

"கவனம் மச்சான், இது சவர அலகு."
நான் நம்பவில்லை.
திருகோணமலைச் சந்தையில் இருபத்திரண்டு வருசம்
மீன் வெட்டுகிறவன்
கல்லை நம்புவானா?

விடிய ஐந்தேகால்.
பலகையில் எட்டுக் கிலோ அறுக்குளா.
வயிற்றோரம் வைத்துச் சும்மா இழுத்தேன்.
தோல் திறந்ததே தெரியவில்லை.
பிறகுதான் பார்த்தேன்,
என் பெருவிரலும் திறந்திருந்தது.

அன்று முழுக்கத் துணி சுற்றிய விரலோடு
அந்தச் சனத்தை யோசித்தேன்.
இரும்பு உருக்கத் தெரியாது,
தேவையும் இல்லை.
மலை கக்கியது ஆறிக் கண்ணாடியாயிற்று.
கண்ணாடி கிடைத்ததால் கத்தி,
கத்தி விற்கச் சந்தை,
சந்தையைக் காக்க அரசன்,
அரசனைக் காக்க
நெஞ்சு பிளக்கும் மேடை.
இதைச் சொல்லும்போது பைரூஸ்
குரலைத் தாழ்த்தினான்,
பக்கத்துக் கடைக்காரருக்குக் கேட்டுவிடும் போல.
கற்றாழை சீவியதும் அதே கல்தானாம்.

இன்னும் கிழக்கே போனால்
ஆறே ஓடாத நாடு.
பெய்த மழையைச் சுண்ணாம்புக்கல் குடித்துவிடும்.
நிலத்தின் கூரை இடிந்து விழுந்த இடத்தில் மட்டும்
தண்ணீர்.
தண்ணீரைச் சுற்றி ஊர்,
தண்ணீருக்குள் மழைத் தெய்வம்.
பொன்னும் போட்டார்கள், ஆளையும் போட்டார்கள்.
அந்தக் கிணறுகள் சில பிறைபோல் வளைந்து நிற்கின்றன:
எப்போதோ வானத்திலிருந்து விழுந்த ஒன்றின் விளிம்பு.
அறியாமலே அந்தக் காயத்தில்
குடம் இறக்கியிருக்கிறார்கள்.

கிணறென்றால் எனக்குக் கன்னியாதான்.
ஏழு சதுரம்.
ஒன்று சுடும், பக்கத்தில் ஒன்று வெதுவெதுக்கும்.
இராவணன் வாளால் குத்தினான் என்கிறது ஊர்.
அம்மாவின் முப்பத்தோராம் நாள்
வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினேன்.
அழுகிறேனா என்று யாருக்கும் தெரியாத சூடு.
எங்களுக்கு எரிமலை இல்லை.
அடியில் கிழட்டுப் பாறை,
அதில் ஒரு வெடிப்பு,
அதனூடே ஆழத்தின் காய்ச்சல் மேலே வருகிறது.
கத்தி செய்ய எதுவும் தரவில்லை இந்த நிலம்;
துடக்குக் கழிக்கத் தந்தது.

"அப்படிச் சொல்லாதே," என்றான் பைரூஸ்.
"வரைபடம் பார்த்திருக்கிறாயா நீ?
கோணேசர் மலைக்கு இந்தப் பக்கம்
ஆழம் காட்டும் இலக்கம் இரண்டு தானத்தில் இருக்கும்.
கொஞ்சம் தள்ளினால் மூன்று.
பிறகு நாலு.
கடலுக்கடியில் ஒரு மலையைக் கவிழ்த்து வைத்த பள்ளம்.
அதனால்தான் எந்தக் கப்பலும் பயமில்லாமல் வரும்."

வந்தார்கள்தானே.
போர்த்துக்கேயன், ஒல்லாந்தன்,
பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன்.
கோயிலின் கல்லைக் கோட்டைக்குத் தூக்கினார்கள்.
சீனக்குடாக் காட்டில் எண்ணெய்த் தாங்கிகள்
இன்னும் துருவேறி நிற்கின்றன.
நீலத்திமிங்கிலமும் வருகிறது,
அது மட்டும்
ஒன்றும் கட்டாமல் போகிறது.

ஒன்பது மணிக்கு லோகேஸ்வரி ரீச்சர் வந்தார்.
சொதிக்கு மெல்லிசாக வேண்டுமாம்.
இரும்புக் கத்தியையே எடுத்தேன்.
கல்லைக் காசுப் பெட்டிக்குள் வைக்கும்போது
விளிம்பில் ஒரு சில்லு தெறித்து
கழுவிய தண்ணீரோடு
கானுக்குள் போனது.
கான் குடாவுக்குப் போகும்.
குடா அந்தப் பள்ளத்துக்கு.

இன்னும் லட்சம் வருசத்தில்
சேறு பாறையாகி, பாறை மேலேறி,
யாரோ ஒருத்தி சுத்தியலால் தட்டி
அந்தச் சில்லைக் கண்டெடுத்து
மூன்று நாள் தூங்காமல் யோசிப்பாள்,
இங்கே எரிமலை இருந்ததா என்று.

இல்லை, பிள்ளை.
பைரூஸ் இருந்தான்.