பக்கம் நூற்றுப் பதினான்கு

ஈறில் ஊசி போட்டு
மரத்துப்போகும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள்.
மேசையில் கிடந்த வழவழப்பான இதழை
ஸ்டெய்ன்வோர் எடுத்தாள்.
வாசனைத் திரவியம், கைக்கடிகாரம், இன்னொரு கைக்கடிகாரம்,
பிறகு எட்டுப் பக்கங்களுக்கு
'வனத்தின் மகள்.'

வனமா?
அந்தப் பக்கத்தில் அவள் உயரத்துக்கு வளர்ந்த மரம்
பாதிரியார் வீட்டின் பின்னால் ஒன்றே ஒன்று.
அதையும் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார், காற்றுக்கு.
மற்றதெல்லாம்
எரிமலை கக்கி ஆறிக் கறுத்த கல்.
அதன்மேல் பாசி ஏற
இருநூற்றுச் சொச்சம் வருடம்.
காய்ந்தால் சாம்பல், நனைந்தால் பச்சை:
பாசிக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன ஜூனில் பத்து நாள் மழையில்லை.
ஜீப் ஓட்ட அவளை அழைத்திருந்தார்கள்.
படம் பிடிக்கும் கொர்ராதோ
குனிந்து தடவிப் பார்த்துவிட்டு
"சாம்பல் ஆடையைக் கொன்றுவிடும்" என்றான்.
தீயணைப்பு வண்டி வந்தது.
ஆறாயிரம் லிட்டர்.
இயற்கை இயற்கை மாதிரி ஆக
பிற்பகல் மூன்று மணி ஆயிற்று.

அந்த ஈரத்தில்தான் அவுஸ்தேயாவைக் கிடத்தினார்கள்.
வில்னியூஸ் பெண், பத்தொன்பது வயது.
பட்டு, மெல்லிய பட்டு, முதுகே இல்லாத பட்டு.
கூந்தலில் செருகிய பெரணி
ஹாலந்திலிருந்து பெட்டியில் வந்தது.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
ஸ்டெய்ன்வோர் தன் கம்பளிச் சட்டையோடு ஓடினாள்.
"எங்கள் ஊரில் நிஜக் காடே இருக்கிறது"
பல் கிட்டச் சொன்னாள் அந்தப் பெண்,
"காளான் பொறுக்கப் போவோம்.
ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு."

நிலமும் பொழுதும்தான் முதல் என்று
பாட்டுக்கு இலக்கணம் வகுத்த மொழியில் இதை எழுதுகிறேன்.
அந்தக் கணக்கில்
இந்த எட்டுப் பக்கங்களுக்கு முதற்பொருள் பட்டு,
கருப்பொருள் விலை.
உரிப்பொருளைத் தேடித்தான்
நானும் அவளோடு பக்கம் புரட்டுகிறேன்.

ஓரத்தில் பொடி எழுத்து:
ஆடை, நாலாயிரத்து இருநூறு யூரோ.
கூந்தல், இன்னார். நகம், இன்னார்.
பாசி, யாருமில்லை.

நூற்றுப் பதினான்கில் நின்றாள்.
மின்கம்பம் இல்லை. ஆட்டுத் தடம் இல்லை.
விளக்குத் தாங்கியின் மூன்று கால்கள் பிய்த்த
மூன்று குழிகள் இல்லை.
செப்டம்பர் முழுக்க ஞாயிறுதோறும் மண்டியிட்டு
பிய்ந்ததைத் துண்டு துண்டாகத் திரும்ப அமுக்கி
பிடிக்கட்டும் என்று மோர் தெளித்தாள்.
ஒரு குழியில் பிடித்த மாதிரி இருக்கிறது.
மற்ற இரண்டும் தெரிய
அவளுக்கு எழுபது வயதாக வேண்டும்.

பிறகு அந்தக் கையைப் பார்த்தாள்.
தோள்முதல் மணிக்கட்டுவரை பளிங்கு.
அன்றைக்கு மயிர்க்கால் ஒவ்வொன்றும்
குத்திட்டு நின்ற கை.
கம்பளி போர்த்தும்போதெல்லாம் அவள் விரலில் நெருடியது.
யாரும் தெளிக்காமல்,
பெட்டியில் கொண்டுவராமல்,
தானாக அங்கே வந்தது அது ஒன்றுதான்.
அதையும் துடைத்துவிட்டிருந்தார்கள்.

வரவேற்பு மேசையில் பேனா கேட்டாள்.
உதடு கோணியிருந்ததால் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.
புள்ளி வைக்கத் தொடங்கினாள்,
தோளிலிருந்து, நெருக்கமாக.
முழங்கைக்கு வருவதற்குள்
உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.