கால் அளவு கேட்டு வந்த செய்தி

மகள் குரலில் அனுப்பியிருந்தாள்:
அப்பாவின் கால் எத்தனை சென்ரிமீற்றர்,
நிறை எவ்வளவு, உயரம் எவ்வளவு,
இண்டைக்கே வேணும்,
சறுக்குகிற சப்பாத்தை இப்பவே ஒதுக்கி வைப்பினம்.

இங்கே பகல் ஒன்றரை மணி. கரண்ட் இல்லை.
கச்சான் காற்று ஜன்னல் வழியாகச்
சுட்டுக்கொண்டு வந்தது.

யோகநாயகத்தைச் சுவரோடு நிற்கவைத்து
குதிக்காலை மூலைக்குத் தள்ளி
மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில் கோடு போட்டேன்.
இருபத்தாறரை.
பெருவிரல் நகம் இன்னும் கறுப்பு.
தொண்ணூற்றெட்டில் ஐஸ்கட்டி விழுந்தது,
கொட்பேத் துறையில்,
சூடைமீன் குவிந்து காத்துக்கிடந்த ஒரு காலையில்.
அந்த நகத்தையும் சேர்த்துத்தான் அளந்தேன்.

மார்ச் கடைசிக் கிழமை.
அவள் வரவேற்பு மேசையில் நிற்கிற விடுதி.
ஊரின் பெயரை நான் சொன்னால்
தும்முகிற மாதிரி இருக்குதாம்.
முந்நூறு வருடத்து மரவீடு.
கார் உள்ளே விடமாட்டார்கள்,
ரயிலடியில் இருந்து குதிரை இழுக்கும் வண்டி, சில்லுக் கிடையாது.
ஏழு மணிக்கு மணி அடிக்கும்.
முதலாளி அம்மா முதல் வாய் வைத்த பிறகுதான் மற்றவர்கள்.
உருகின சீஸ் சட்டிக்குள்
எல்லோரும் பாணைத் தோய்க்க வேண்டும்,
துண்டு தவறி விழுந்தால் தண்டம்.
"இடிசம்பல் கொண்டுபோவம்," என்றார் இவர்.
பட்டியலில் முதல் சாமான் அதுதான்.

அந்தப் பட்டியலை மான் தின்றுவிட்டது.
பகிடி இல்லை.
விசா ஃபைலோடு கொழும்பு பஸ்ஸுக்கு நின்ற இரவு
பையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்ததைப்
புள்ளிமான் ஒன்று நிதானமாய் இழுத்து மென்றது.
கம்பளி உள்ளுடுப்பு நாலு, கையுறை,
உதட்டுக்குப் பூசுகிற மெழுகு, பிரஷர் குளிசை
எல்லாம் வரிசைப்படி உள்ளே போயிற்று.
வங்கிக் கடிதத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.
அதையும் தின்றிருந்தால்
மானுக்குத்தான் விசா கொடுத்திருப்பார்கள்.

இரண்டாவது பட்டியல் சின்னதாய் வந்தது.
நினைவில் வராததெல்லாம் தேவையில்லை என்று விட்டோம்.
கடையில் கம்பளிச் சாக்ஸ் கேட்டேன்.
"நுவரெலியாவுக்கோ?" என்றான் பெடியன்.
இல்லை என்று சொல்ல ஏனோ கூச்சமாயிருந்தது.
ஓம் என்றேன்.

நேற்று சறுக்குப் பள்ளிக்கூடத்தின் படிவம்.
முன் அனுபவம்: இல்லை, கொஞ்சம், நிறைய.
"இல்லை எண்டு போடுங்கோ அம்மா," என்றாள்.
பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.

ஐஸ் கொம்பனியில் கணக்கு எழுதினது நான்.
விடியப்புறம் மூன்று மணிக்கு
ஐம்பது கிலோக் கட்டியைக் கொக்கியால் இழுத்து
நனைந்த சீமெந்தில், ரப்பர் செருப்போடு,
முழங்காலை மடித்து இடுப்பைப் பின்னுக்கு விட்டு
இவர் வழுக்கி வருவதைக்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன்.
கூட்டலில் பிழை விட்டிருக்கிறேன்.
கட்டி விழுந்திருக்கிறது.
இவர் விழுந்ததில்லை.

'நிறைய' என்ற பெட்டிக்குள் சரி போட்டு
பக்கத்தில் சின்ன எழுத்தில்:
முப்பத்தொரு வருடம்.

அவர் அதைக் கவனிக்கவில்லை.
மகள் அனுப்பின படத்தை
இரண்டு விரலால் பெருப்பித்துக்கொண்டிருந்தார்.
கூரை, வேலி, மலை, கோயில் மணிக்கூண்டு,
எல்லாவற்றிலும் வெள்ளை.

"இவ்வளவையும் ஆர் ஏத்தி இறக்கிறது?"

ஒருத்தரும் இல்லை, தானாய் விழுகிறது என்றேன்.
தெரியாமலா கேட்கிறார்.
ஆனாலும் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.
கரண்ட் வந்து ஃபேன் முனகத் தொடங்கியது.

"சும்மாவோ?" என்றார்.