விருப்பமிருந்தால்

பின்னிணைப்பு ஐந்து
இந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது.
வாளும் வில்லும் மந்திரமும்
முன்பக்கங்களில் கறாராக நிற்க,
மனதுக்குள் நுழையும் வித்தைகளைக் கடைசியில் போட்டு
விருப்பமிருந்தால் என்று
கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறார்கள்.

எட்டு மாதம் அதைத் தட்டினாள் ஷம்ஷாத்.
பயம் எனக்குத்தான்.
ஆட்டத்தை நடத்துகிறவள் நான்.
பூதத்துக்கு என்ன பசி,
கோட்டைக் காவலன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்,
எல்லாம் என் மறைப்புக்குப் பின்னால் இருக்கும்வரைதான்
எங்கள் சனிக்கிழமை.
மறைப்பு என்பது
ஜிஎஸ்டி கோப்பு அட்டை இரண்டு, செலோடேப் போட்டது.

கொளத்தூர், மூன்றாவது மாடி.
உலகம் ஒரு கேரம் போர்டு.
போரிக் பவுடர் மிச்சத்தில் வழுக்கி
இருபது முகப் பகடை குழிக்குள் விழுந்தால்
செல்லாது.
அது எந்தப் புத்தகத்திலும் இல்லை,
நாங்களே போட்ட விதி.

வாக்கெடுப்பில் மூன்றுக்கு ஒன்று.
என் கையும் எப்படியோ தூக்கியிருந்தது.
தூக்காதவன் லோகபிரான்.
"மனசுக்குள்ள வர்றதெல்லாம் வேணாம்ப்பா" என்றான்,
சிரித்துக்கொண்டேதான்.

ஒருமுறை படிக்க ஐந்து மனவலு.
தோற்றால் குறையாது.
படிக்கப்படுகிறவர்
தன் பாத்திரத்தின் நினைப்பைச் சீட்டில் எழுதி
என்னிடம் தர வேண்டும்.
பகடையை மறைவில் உருட்டுவேன்.
வென்றால் சீட்டு கைமாறும்.

அன்று மழை.
தெருவில் கணுக்கால் தண்ணீர்.
பரோட்டா பார்சலைச் சட்டைக்குள் வைத்துக் காப்பாற்றி
தான் நனைந்து வந்தான் பெனடிக்ட்.

பாலம் அறுந்த பள்ளம்.
அக்கரையில் லோகுவின் குள்ளன்,
கயிற்றின் முனை அவன் பிடியில்.
இக்கரையில் ஷம்ஷாத்தின் கண்ணில்லாத துறவி.
"போன வாரம் என் பங்குத் தங்கத்தைச் சுருட்டுனவன்.
புடிப்பானா விடுவானான்னு தெரியணும்.
மனசப் படிக்கிறேன்."

லோகு வெகுநேரம் எழுதினான்.
நாலாக மடித்துத் தந்தான்.

கை பிடிக்க மாட்டேங்குது.
ஆறு மாசமா.
வீட்டுல கூடச் சொல்லல.

குள்ளனுக்கு வீடு கிடையாது.
சுரங்கத்தில் பிறந்து சுரங்கத்தில் வளர்ந்தவன்,
அந்தக் கதையை எழுதியவளே நான்.

எழுத்தெல்லாம் கோணல். இடக்கை.
எத்தனை வாரமாக இடக்கையால் உருட்டுகிறான்?
ராசியை மாத்துறான் பாரு என்று
நாங்கள்தானே கிண்டல் செய்தோம்.

உருட்டினேன்.
பதினெட்டு.

"நாலு" என்றேன்.
"ஒண்ணும் கேக்கல. காத்து சத்தம் மட்டும்தான்."

சீட்டை அட்டையின் மடிப்புக்குள் செருகும்போது
என் விரல் அவசரப்பட்டிருக்கலாம்.
மருந்துக்கடையில் பதினொரு வருடம் நிற்பவள் ஷம்ஷாத்.
இருமலுக்கு என்று வந்து
வேறெதையோ கேட்கத் தயங்குகிறவர்களை
தினம் பார்க்கிறவள்.
என் முகத்தை ஒருமுறை பார்த்தாள்,
அவன் கையை ஒருமுறை.

"கயிறு வேணாம்" என்றாள்.
"நான் சுத்தி வரேன்."

"சுத்துனா மூணு நாளு. வழியெல்லாம் ஓநாய்" என்றான் பெனடிக்ட்.

"வரட்டும்."

அப்புறம் பரோட்டா.
சால்னா பையில் நூலை
ஏழு சுற்று சுற்றி இறுக்கியிருந்தார்கள்,
ஒரு கையால் அவிழாது.
ஷம்ஷாத் தன்னுடையதை அவிழ்த்தாள்.
ஓநாய் எத்தனை, நெருப்பு மூட்டலாமா என்று
என்னிடம் பேரம் பேசியபடியே
லோகுவின் பையையும் இழுத்து அவிழ்த்து
அவன் தட்டில் ஊற்றினாள்.
அவன் ஓநாய்களைப் பற்றி ஏதோ சொன்னான்.

மழை விடவில்லை.
பத்தே முக்காலுக்கு விளக்கு ஒருமுறை இமைத்து நின்றது.

தோற்றால் மனவலு குறையாது.
அந்த விதியை எழுதச் சொன்னதே அவள்தான்.
இருந்தும் கிளம்பும் முன்
பென்சில் முனை ரப்பரால்
தன் தாளில் ஐந்தை அழித்தாள்.

நான் கேட்கவில்லை.