அரைவேக்காடு

மனாமா. வெள்ளிக்கிழமை, பகல் மூன்று மணி.
மெனாஷே கதூரி தன் கையாலேயே பானையை ஏற்றி
தன் கையாலேயே பற்றவைத்துவிட்டுப் போனார்.
கோழிக்குள் அரிசி; விடிய விடியத் தணலில் கிடக்கும்.
நறுக்குவது, கழுவுவது, கிண்டுவது என் பாடு.
நெருப்பு மட்டும் அவருடையது.

காஸ் தீர்ந்தது. சிலிண்டர் மாற்றினேன்.
பழக்கதோஷம், லைட்டரைத் தட்டிவிட்டேன்.
நீலமாய்ப் பிடித்த பிறகுதான்
யார் கை என்று உறைத்தது.

அவர் திட்டவில்லை.
புத்தகங்களை இறக்கினார்.
பக்கத்தின் நடுவே நாலே வரி மூலம்,
சுற்றிலும் உரை, உரைக்கு உரை,
உரைகாரரையே மறுக்கும் அவருடைய பேரன்,
விளிம்பில் பென்சிலில்
பாக்தாத்திலிருந்து வந்த அப்பாவின் கிறுக்கல்.

மலையில் இறங்கிய சொல்லில் இந்த அடுப்பு இல்லையாம்.
பின்னால் வந்தவர்கள் போட்ட வேலி இது.
வேலிக்கு அளவு சொன்னவர்கள் அதற்கும் பின்னால்.
மூன்றில் ஒரு பங்கு வெந்திருந்தால்
அப்புறம் எவன் மூட்டினாலும் குற்றமில்லை என்றார் ஒருவர்.
பாதியாவது வேகணும் என்றார் இன்னொருவர்.
"மேலே இருக்கிறவரையே கேட்டுவிடலாமே?"
"கொடுத்தாகிவிட்டது. இனி அங்கே ஓட்டு கிடையாது."

எனக்கு மேலே சூப்பர்வைசர், அவருக்கு மேலே மேனேஜர்,
அதற்கும் மேலே
என் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கும் கஃபீல்.
ஏற ஏறக் கேள்வி குறையும்.
இவர் ஏணியிலோ
இறங்க இறங்கத்தான் பேச்சு.

விரல் ஒரு வரியில் நின்றது.
என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.
பானையைப் பார்த்தார். மூடியைத் தொடவில்லை.
கேட்டு வாங்கிய பதில் செல்லாது,
தானாக வாய் தவறி வந்தால்தான் செல்லும் என்பது
எனக்குத் தெரிந்தது அடுத்த வாரம்.

அந்த மௌனம் தாங்காமல்
பாத்திரம் தேய்க்கும் இர்பான்மேல் எரிந்து விழுந்தேன்,
என் உடைந்த அரபியில்:
"சோறு நுஸ் வெந்து நிக்கும்போதா காஸ் தீரணும்?
நேத்தே சொன்னேனே, சிலிண்டரை ஆட்டிப் பாருன்னு!"

நுஸ். பாதி.
இரண்டு பேருக்கும் போதுமான பாதி.

மெனாஷே புத்தகத்தை மூடப் போனவர் மூடவில்லை.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே
வலமிருந்து இடமாய் ஏதோ எழுதினார்.
அவசர அவசரமாக எழுதினார்;
பொழுது சாய்ந்தால்
பென்சிலையும் தொடக்கூடாது.