ஏழாம் கலம்

கொக்கிரகுளம் கச்சேரி. சண்டை முடிந்து இரண்டாம் மாசி.
ஜன்னலுக்கு வெளியே ஆறு இடுப்பளவு.
சீவலப்பேரி கொம்பையா, வயது இருபத்தாறு,
இடது கால் முழங்காலோடு சரி.

காயம்பட்ட இடம்: கடல் / கரை.
பொருந்தாததை அடிக்கவும்.

"படகு வாயத் தொறந்துட்டு அய்யா, குதிச்சேன்.
கழுத்தளவு தண்ணி.
பின்னால நம்ம கப்பல் தலைக்கு மேல சுடுதான்,
முன்னால அலையாத்திக் காட்டுக்குள்ளருந்து அவன் சுடுதான்.
துப்பாக்கிய உச்சந்தலையில வச்சு
நெல்லு மூட்ட சுமக்கவன் மாதிரி நடந்தேன்.
தண்ணி நெஞ்சுக்கு எறங்கிட்டு,
இடுப்புக்கு எறங்கிட்டு,
முழங்காலுக்கு வரல."

தரைப்படைக் கடிதம்: நீரில் நேர்ந்தது, கப்பற்படையைக் கேட்கவும்.
கப்பற்படைக் கடிதம்: எங்கள் ஆள் அல்ல.

தீவின் பேர் கேட்டேன்.
"எழுதக் கூடாதுன்னு சொன்னாவ. அப்படியே மறந்துட்டு."

ஏற்றமா, வற்றமா அந்நேரம்?
வற்றம் என்றால் கரை என்று வாதாடலாம்.
முதல் தடவையாகச் சிரித்தான்.
"மறுநா அதே எடத்துல வெறும் மணலாம் அய்யா.
எங்க ஆளுக மேல நண்டு ஓடிச்சாம்.
ஆஸ்பத்திரிக் கப்பல்ல பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான்,
அவனும் அன்னைக்கு ராத்திரியே..."

கடலை அடித்தேன்.
நிப்பு பிளந்து கரையிலும் மை தெறித்தது.

சாயங்காலம் பாலத்தில் போகையில் பார்த்தேன்:
சீவலப்பேரி பஸ்ஸைத் தவறவிட்டு
படித்துறையில் உட்கார்ந்திருக்கிறான்,
கக்கத்துக் கட்டையைப் பக்கத்தில் கிடத்தி
இருக்கிற காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு.

ஆனியில் கோப்பு பட்டணத்திலிருந்து திரும்பி வந்தது,
ஓரத்தில் சிவப்பு மையில்:
இரண்டும் அடிக்கப்பட்டுள்ளன.
எனில், காயம் எங்கே?