மூடியிருப்பதாக

புதுவயல் மில்லில் இருபதாம் தேதி இரவு.
எந்திரம் நின்று ஒரு மணி நேரமாகியும்
தவிட்டுத் தூசி இறங்கி முடியவில்லை,
ட்யூப்லைட்டுக்குக் கீழே, ஒரு அவசரமுமில்லாமல்.

எனக்கு அவசரம்.
பன்னிரண்டுக்குள் ஜிஎஸ்டி ஏற்றியாக வேண்டும்.
தப்பினால் நாளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம்,
முதலாளி சாத்தப்பன் ஒரு வாரம் பேசாமலிருப்பார்,
அதற்கு வட்டி தனி.

நெல் காயும் களத்தில் நின்று ஒரு டீ.
அவ்வளவுதான் போனேன்.
திரும்பினால் லேப்டாப் தூங்கியிருந்தது.
தட்டினால் எழும் என்று தட்டினேன்.

விளக்கு நிலைத்தது.
விசிறி ஒரு மூச்சு இழுத்தது.
மூன்று எண்ணுவதற்குள்
மறுபடி மினுக், மினுக்.
கறுத்த திரையில் என் முகம்,
என் தோளுக்குப் பின்னால் காலண்டர்,
இருபது தலைகீழாய் அல்ல, இடம்வலமாய்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நாற்பதுவரை எண்ணினேன்.
சார்ஜரைப் பிடுங்கினேன், குத்தினேன், பிடுங்கினேன்.
மூடித் திறந்தேன்.
சந்து சந்தாக ஊதினேன்; வந்தது உமி.
பெற்ற பிள்ளையைக்கூடச் சொல்லாத வார்த்தை ஒன்று சொன்னேன்.
மினுக், மினுக்.

காரைக்குடி இதாயத்துக்குப் போன் போட்டேன்.
கோட்டையூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தான்,
குரலுக்குப் பின்னால் வாளி உருண்டது.
"ரேமைக் கழட்டி அழிரப்பரால தேய்க்கணும்க்கா,
இப்பவே எடுத்துட்டு வந்துருங்க."
கடைசி பஸ் போயாச்சு என்று சொல்லிக்கொண்டே
பைக்குள் வைக்க எடுத்தேன்,
ஜிப்பைத் தேடி ஒரு நிமிஷம் மடியில் வைத்தேன்.

விழித்துக்கொண்டது.
நான் பாதியில் விட்ட தவிட்டு விற்பனைக் கணக்கோடு,
கர்சர் துடிக்க.

மேசையில் வைத்தேன். தூங்கியது.
மடியில் எடுத்தேன். விழித்தது.
மேசை. மடி. மேசை.
மடியில் தூங்கிவிட்டு
இறக்கிப் படுக்கவைத்ததும் வீறிடும் பிள்ளை
இரண்டை வளர்த்திருக்கிறேன்.
இது நேர்மாறு.
மடிக்கணினி என்று பெயர் வைத்தவரை
அன்றைக்குத்தான் கொஞ்சம் மதித்தேன்.

இதாயத் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
"அக்கா, மேசையில என்ன இருக்கு?"
"பில்லு."
"அதுமேல?"
அதன்மேல் தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்,
வடை என்றுதான் நினைத்திருந்தேன்.

பிரித்தால் முழ நீளத்துக்கு ஒரு காந்தம்.
நெல்லோடு வரும் இரும்பைப் பிடிக்க
எந்திரத்தின் தொண்டையில் கிடப்பது.
ஃபிட்டர் சவரிமுத்து கழற்றி,
பாதி துடைத்து,
நான் டீக்குப் போன நேரம்
பில் பறக்காமலிருக்கட்டும் என்று
பாரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன
ஒரு கோணி ஊசி,
அரிவாள் முனையில் ஒடிந்த துணுக்கு,
யாருடைய மாராப்பிலிருந்தோ விழுந்த ஊக்கு.

"திரை ஓரத்துல குட்டிக் காந்தம் இருக்கும்க்கா.
அது கீழ வந்து சேர்ந்தா மூடியாச்சுன்னு அர்த்தம்.
உங்க மெஷினுக்கு ஒரு கேடும் இல்ல.
மூடித்தான் இருக்கோம்னு நம்பிக்கிட்டிருக்கு."

அகலத் திறந்து வைத்து
முகத்துக்கு நேரே நின்று கத்தியவள் நான்.
அதற்குத் தெரிந்த ஒரே சாட்சி
வேறு சொன்னது.

காந்தத்தை இரும்பு பீரோவுக்குக் கொண்டுபோனேன்.
நாலு விரல் தூரத்திலேயே
கையிலிருந்து பறித்துக்கொண்டது பீரோ.

பதினொன்று முப்பத்தெட்டுக்கு ரசீது வந்தது.
சவரிமுத்து காலையில் வந்து
இரண்டு கையாலும் இழுத்துத் திட்டட்டும்.
ஊக்கை மட்டும் பிரித்தெடுத்து
என் சேலையில் குத்திக்கொண்டேன்.

பிறகு லேப்டாப்பை மூடினேன்,
இந்தத் தடவை நிஜமாகவே.
மினுக், மினுக்.
முன்பு தூங்கியதற்கும் இதற்கும்
ஒரு வித்தியாசமும் இல்லை.